கணக்குக்கு மேல் நால்வர்

உலகம் கண்ட கணித மேதைகளையெல்லாம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தினாலும், ஜன்னலோர சீட்டு எங்கள் அதிகாரி ராஜதுரை சாருக்குத்தான். புள்ளிவிவர ஆபீஸில் நான் அவருடைய உதவியாளன். இதை ஆபீஸ் நேரத்தில்தான் சொல்கிறேன்.

குன்னம் பக்கம் மேலவரப்பூர் என்றோர் ஊர். மக்காச்சோளம் காய்ந்து, சனங்கள் திருப்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வேறு அதிகாரியாக இருந்தால், ஏன் போகிறார்கள் என்று விசாரித்து நேரத்தை வீணடித்திருப்பார். சார் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்தார். ஆண்டுதோறும் மிச்சமிருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு காலி. ஐந்நூறு நானூறானது, நானூறு முந்நூற்றிருபது. 'அடுக்குக்குறிச் சிதைவு' என்று அறிவித்தார். எழுந்து நின்று வடை சாப்பிட்டோம்.

"ஊரே அழிஞ்சிடுமா சார்?" என்றேன்.

"சூத்திரப்படி பூஜ்யமே வராதுய்யா. எந்தக் காலத்துலயும் கால் ஆளாவது மிஞ்சுவான்."

எனக்குப் பெரிய ஆறுதல்.

இந்த ஆண்டு இருநூற்றைந்து பேர் இருக்க வேண்டும். ஆய்வுக்குப் போனால் இருநூற்றொன்பது! சாருக்கு வியர்த்துவிட்டது. கிளம்பியிருக்க வேண்டிய கலையரசியும் அவள் புருஷன் வீரமணியும் கிளம்பவில்லை. போதாததற்கு இரட்டைப் பிள்ளைகள் வேறு.

"ஏம்மா, நீங்க போயிருக்கணுமே?" என்றார் சார்.

"எங்க சார் போறது? வூடு இங்க, வெங்காயக் காடு இங்க. காலையில ஒரு பஸ்ஸு வருது. புள்ளைங்களுக்கு ஊசி போட அதுலதான் பெரம்பலூரு போயிட்டு வரேன்."

"ரெண்டா பெத்தீங்களே, எங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கணும்னு தெரியாதுங்க" என்றாள் கலையரசி. என்ன அறியாமை!

'சிதையும் பகுதிக்குப் பேருந்து உபரி' என்று சார் பரிந்துரைத்தார். பஸ் நின்றுபோனது. கலையரசி ஒரு பிள்ளையை இடுப்பிலும் இன்னொன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை வெயிலில் நடந்து பார்த்தாள். சின்னவனுக்குக் காய்ச்சல் கண்டது. அது தணிந்ததும் வீட்டைப் பூட்டினார்கள். சொல்லிக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஆளில்லை. சரிபார்க்கப் போயிருந்த என்னிடம்தான், "போயிட்டு வரோம் சார்" என்றாள். கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

நால்வரையும் கழித்தேன். சரியாக இருநூற்றைந்து!

சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்து, பாராட்டு விழாவில் சாருக்குச் சால்வை போர்த்தினார். "அற்புதமான கணிப்பு! ஆனா, ஊர்ல சனம் குறையக் காரணம் யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார்.

சார் கணக்கு நோட்டைப் புரட்டினார். அவருக்குச் சேர வேண்டிய பெருமை வேறு யாருக்கும் போய்விடக் கூடாதே என்று நான் எழுந்தேன்.

"நாங்கதாங்க!"

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள்.