பின்னறைச் சத்தத்துக்கு அச்சாரம்

“வித்த ஊட்டத் திருப்பி எடுக்க ஏலுமா ஐயா?”

கேட்டுவிட்டு பளீல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். எதிரே காணி, வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு சுந்தரலிங்கம். யாழ்ப்பாணத்து மனிதர். கண்டிக்கு வந்து பதினெட்டு வருஷமாகியும் இந்த ஊர் மழையில் அவருடைய குடைதான் நனைந்ததே தவிர, பேச்சு நனையவில்லை.

“சனிக்கிழமைதானே காணும் உறுதியிலை கையெழுத்து வைச்சனீர்? இண்டைக்குத் திங்கள். மை காய்ஞ்சுதோ தெரியேல்லை.”

“காயாட்டி நல்லந்தானே ஐயா. அழிச்சிருங்க.”

சுந்தரலிங்கம் சிரிக்கவில்லை. உறுதி எழுதியே பழகிய முகத்துக்குச் சிரிப்பு லேசில் வராது.

விஷயம் இதுதான். பளீல் காப்பித் தோட்டங்களுக்குத் துணி மூட்டை சுமந்து விற்கிறவன். வத்தேகமப் பாதையில், மேட்டோரமாக, அவன் வாப்பா விட்டுப்போன வீடு ஒன்று இருந்தது. அது ஆதியில் ஒரு துரையின் காப்பிக் கொட்டகை. பின்னறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காப்பிக்கொட்டை புடைப்பார்களாம். ஒரு மாரியில் மேட்டு மண் சரிந்து, புடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி சுளகோடு மண்ணுக்குள் போய்விட்டாளாம். வீட்டை வாங்கிய நாளிலேயே வாப்பா அந்த அறைக் கதவுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். ஏன் என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவார்.

பளீலின் மனைவி கைரியா தலைப்பிரசவத்துக்குப் பிலிமத்தலாவையில் உம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் வந்தால் இடம் வேண்டுமே என்று, இவன் ஆணியைப் பிடுங்கிப் பின்னறையைத் திறந்து வெள்ளையடித்தான். அதோடு பிடித்தது வினை.

புதன்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தான். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வாசலை மூடுகிற நேரம். பின்னறையில் யாரோ சுளகு புடைக்கிற சத்தம் கேட்டது. சர்... தப். சர்... தப். எட்டிப் பார்த்தால் ஆளில்லை.

வியாழனும் அதே நேரம், அதே சத்தம். இந்தத் தடவை தரையில் காப்பிக்கொட்டை இரண்டு குவியலாகக் கிடந்தது. நல்லது ஒரு பக்கம், கறுத்தது ஒரு பக்கம். வெள்ளியன்று அல்லாவை நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளினான். சத்தம் நின்றது. குவியலைத் தொட்டுப் பார்த்தான். இப்போதுதான் யாரோ கையிலிருந்து விட்ட சூடு அதில் இருந்தது.

பளீல் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது. பாதையில் அவனுடைய மூத்த சகோதரியின் புருஷன் மக்கீன் குடையோடு நின்றான். காப்பி வாங்கி விற்கிற முதலாளி.

“பேய் ஊட்ட வேற யாரு மச்சான் எடுப்பான்? ஒனக்காக நான் எடுக்கிறேன்,” என்றான் மக்கீன், கண் கலங்க. மறுநாள் சனிக்கிழமை உறுதி முடிந்தது. பளீல் டவுனில் ஒரு கூட்டாளியின் கடை மூலையில் பாயை விரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கைரியாவிடமிருந்து சேதி வந்தது. பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிகிறதாம். அடுத்த ஞாயிறு பிள்ளையோடு வருகிறாளாம். பின்னறையில் தொட்டில் கட்டி வைக்கட்டுமாம்.

வீடு விற்றதை அவளிடம் யார் சொல்வது? பேய் மூன்று நாள்தான் பயங்காட்டியது. கைரியா ஆயுசுக்கும் காட்டுவாள். அதை விடுங்கள், பெற்ற பிள்ளையை எந்த வாசலில் இறக்குவது என்று நினைத்தபோது பளீலுக்கு அழுகையே வந்துவிட்டது. அதுதான் விடிந்ததும் விடியாததுமாக நொத்தாரிசிடம் ஓடி வந்திருந்தான்.

“முடிஞ்ச உறுதியை உடைக்க மூண்டு வழி இருக்குது,” என்று சுந்தரலிங்கம் மூன்று விரலை நீட்டினார். “தவறு, வற்புறுத்தல், மோசடி. உம்மடை எது?”

“எது லேசு ஐயா?”

“தவறெண்டால், ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பிழையா நம்பி முடிச்சிருக்க வேணும். நீர் பேய் இருக்குதெண்டு நம்பி வித்தீர். சரி. மக்கீன் என்னத்தை நம்பி வாங்கினவர்?”

“கேட்டுக்கிட்டு வாறேன்!” என்று பளீல் எழுந்தே விட்டான்.

கேட்கலாமா கூடாதா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசித்திருந்தால் அவன் பளீல் இல்லையே.

“பேயா? அந்த ஊட்டுலயா?” மக்கீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பேயுமில்ல, ஒரு மண்ணுமில்ல மச்சான். எனக்கு அப்பவே தெரியும்.”

அதோடு விட்டானா? பளீல் வந்து கேட்டதிலேயே அவனுக்கு உள்நோக்கம் விளங்கிவிட்டது. அன்று பின்னேரமே இரண்டு சாட்சிகளை வைத்து, பேய் இல்லையென்று தெரிந்தேதான் வாங்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சுந்தரலிங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போனான். காப்பிக் கொட்டகைக்கு இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு துரையிடம், அடுத்த திங்களே வீட்டைத் தருவதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டான்.

“தவறு போச்சுது,” என்று செவ்வாய்க்கிழமை சுந்தரலிங்கம் ஒரு விரலை மடக்கினார். “நீர் போய்க் கேட்டிருக்காட்டில் அந்தாள் இதை எழுதியிருக்காது.”

“அப்ப வற்புறுத்தல் ஐயா! பயத்துலதானே வித்தேன். கையெழுத்து வெக்கக்குள்ள கை நடுங்கினத நீங்களே பாத்தீங்களே!”

“ஓம், பாத்தனான். ஆர் மிரட்டினது?”

“பேய்.”

“பேய்க்கு விலாசம் இருக்குதே, சம்மன் அனுப்ப?”

“என்ட ஊடுதான் ஐயா விலாசம்.”

“அது இப்ப மக்கீன்டை வீடு காணும்.” சுந்தரலிங்கம் பேனையைக் கீழே வைத்தார். “பயத்திலைதான் வித்தீர் எண்டதுக்கு ஒரு நல்ல சாட்சியைக் கூட்டிக்கொண்டு வாரும். பிறகு பாப்பம்.”

நல்ல சாட்சிக்கு பளீல் எங்கே போவான்? பள்ளிவாசல் லெப்பை ஹபீலைப் புதன்கிழமை கூட்டி வந்தான். ஓடி வந்த அன்று அவனுக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தவர் அவர்தான். பொய் வராத வாய். கெடுத்ததும் அந்த வாய்தான்.

“பயந்துதான் ஈந்தாரு,” என்றார் லெப்பை. “ரெண்டு நாள் பொறுங்க, நான் வந்து ஓதுறேன்டேன். கேக்கல்ல. மக்கீன் மொதலாளி கூட, ‘அவசரமில்ல, திங்கக்கெழம பாப்போம்’ண்டாரு. இவருதான் அவர்ட சட்டையப் புடிச்சி இழுத்துக்கிட்டு, ‘இப்பவே எழுதோணும், எழுதாட்டி நான் குளத்துல பாய்வேன்’ண்டு நிண்டாரு. அந்த இழுப்புல அவருக்குப் பொத்தான் கூட அறுந்து போச்சு.”

சுந்தரலிங்கம் பளீல் பக்கம் திரும்பினார்.

“வற்புறுத்தல் நடந்திருக்குது. ஓம். ஆனா செய்தது நீர். மக்கீன் நினைச்சால் உம்மிலை வழக்குப் போடலாம். பொத்தானுக்கும் சேத்து.”

இரண்டாவது விரலும் மடங்கியது. பளீல் வெளியே வந்து கண்டிக் குளக்கட்டில் உட்கார்ந்தான். பிள்ளையை அவன் இரண்டு தடவைதான் பார்த்திருந்தான். இரண்டாம் தடவை அது அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு, மழை தூறியதுகூடத் தெரியாமல் இருந்தான்.

வியாழக்கிழமை சும்மா போய் நொத்தாரிசின் கதிரையில் உட்கார்ந்தான். கேட்க ஒன்றும் இல்லை. போக இடமும் இல்லை. சுந்தரலிங்கத்துக்கே மனம் பொறுக்கவில்லை. பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். புரட்டிய கை ஒரு பக்கத்தில் நின்றது.

“பேய் எப்ப தொடங்கினதெண்டு சொன்னீர்?”

“போன கெழம புதன். அஸருக்குப் பொறகு.”

“வடிவா யோசிச்சுச் சொல்லும்.”

“புதன்தான் ஐயா. மௌத்தானாலும் மறக்க மாட்டேன்.”

“இந்த உறுதியை எழுதி வையுங்கோ எண்டு மக்கீன் என்னட்டை வந்தது செவ்வாய் காலமை.” கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பேய் வர முந்தியே உறுதி வந்திட்டுது காணும்.”

பளீலுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. உறைத்ததும் எழுந்த வேகத்தில் கதிரை பின்பக்கமாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் கலைகிற நேரம், பள்ளிவாசலில் மக்கீனை மறித்தான்.

“மச்சான், குர்ஆன்ல கைய வெச்சிச் செல்லு. பின்னறையில புடைச்சது ஒன்ட ஆள் இல்லண்டு செல்லு. நான் ஊட்ட மறந்துட்டுப் போறேன்.”

லெப்பை ஹபீல் குர்ஆனை எடுத்து வந்தார். மக்கீன் தராசில் கள்ள நிறுவை போடுவான், சொந்தத்துக்குக் குழி பறிப்பான். ஆனால் குர்ஆனில் கை வைத்துப் பொய் சொல்ல உயிர் போனாலும் அவனுக்கு வராது. முகத்தில் ஈயாடவில்லை. நீட்டிய கை பாதியில் நின்றது.

“ஏலா மச்சான்,” என்று குமுறிவிட்டான். “நான்தான். காளிமுத்துண்டு ஒரு மாட்டுக் கரத்தைக்காரன் ஈக்கிறான். அவனுக்கு அச்சாரம் குடுத்தேன். மூணு நாள் பின்னேரம் பின் ஜன்னலால பூந்து, சுளகப் புடைச்சிட்டுப் போகச் சொன்னேன். என்ன மன்னிச்சிரு.”

பளீலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேய் இல்லை என்ற சந்தோஷத்தில் மக்கீனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் பள்ளிவாசலில் நின்று அழுததைப் பார்த்து, யாரோ மௌத்தாகிவிட்டதாக நினைத்துச் சனம் திரும்பி வந்தது.

சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே நொத்தாரிசிடம் போனார்கள். பளீல் வாங்கிய பணத்தை முடிச்சவிழ்க்காமல் மேசையில் வைத்தான்.

“மோசடி. ஒப்புக்கொண்டாச்சுது. உறுதி உடையும்,” என்றார் சுந்தரலிங்கம். “அந்தக் காளிமுத்து எங்கை? அவனையும் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.”

“ஆளக் காணல்ல ஐயா,” என்றான் மக்கீன். “மிச்சக் காசுக்குக் கூட இன்னும் வரல்ல. நல்ல மனுஷன். நான் சத்தம் மட்டுந்தான் கேட்டது. அவன் கொட்டையும் கொண்டுவந்து தரம் பிரிச்சி வெச்சீக்கிறான்.”

“வேலண்டா அப்பிடி ஈக்கோணும்,” என்று பளீலும் மெச்சிக்கொண்டான்.

சுந்தரலிங்கம் புது உறுதியை எழுதினார். இந்த வழக்கு இனித் தன் வாசலுக்கு வரக்கூடாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து, உரக்க வாசித்தார்: “மேற்படி வீட்டில் பேய் இல்லையென்பதை இருவரும் சுயபுத்தியோடு ஒப்புக்கொள்கிறார்கள். இனித் தவறென்றோ, வற்புறுத்தலென்றோ, மோசடியென்றோ சொல்லி இவ்வுறுதியை எவரும் மறுக்க இயலாது.”

“சம்மதமே?”

“நூறு தரம் சம்மதம் ஐயா!”

இந்தத் தடவை பளீலின் கை நடுங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கரத்தை வந்தது. பனிமூட்டம் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பளீல் காலையிலிருந்து கூட்டிப் பெருக்கி, பின்னறை உத்திரத்தில் தொட்டில் கட்டி, தொலைந்த செருப்பையும் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். கரத்தைக்காரன் மாட்டை நிறுத்தினான். கைரியா பிள்ளையோடு இறங்கினாள். பளீல் பிள்ளையின் நெற்றியில் முத்தமிட்டான். அது மறுபடியும் அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

“புள்ளைக்கு ஈரக் காத்து ஆகாது,” என்று கைரியா விரலை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். பளீல் பெட்டியை இறக்கினான். அவனுக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

“இஞ்ச பாருங்க!” உள்ளேயிருந்து கைரியாவின் குரல் கேட்டது. “கொட்டை புடைக்க ஒரு பொம்புளய வெச்சீக்கிறதா எனக்குச் செல்லவே இல்லியே! நல்ல பொம்புள. புள்ளயக் கண்டதும் சொளகக் கீழ வெச்சிட்டுக் கைய நீட்டிட்டா. தொட்டில்ல அவவே போடுறாவாம்.”

பளீல் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடக் காலெடுத்தான். ஒரு கணம்தான். பிறகு விளங்கிவிட்டது. சேலை வேறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறான், படுபாவி! மிச்சக் காசு வராத கோபத்தில் மறுபடி புடைக்க வந்துவிட்டான்.

“டேய் காளிமுத்து!” என்று வாசலில் நின்றபடியே சிரித்துக்கொண்டு கத்தினான். “போதும்டா! மச்சான் எல்லாத்தையும் செல்லிட்டாரு. வெளிய வா. மிச்சக் காச நான் தாறேன்!”

“இந்தா இருக்கேங்க மொதலாளி.”

குரல் உள்ளேயிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

பளீல் திரும்பினான். கரத்தைக்காரன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் காசை நீட்டியபடி, தலையைச் சொறிந்தான்.

“மக்கீன் மொதலாளி சொல்லிட்டாருன்னா இந்த அச்சாரத்த நீங்களே அவருகிட்ட திருப்பிக் குடுத்துருங்க. வாங்குன அன்னைக்கே காச்சல்ல விழுந்து, நேத்து வரைக்கும் நாவலப்பிட்டியில அக்கா வீட்டுல கெடந்தேங்க. இந்த வாசல இன்னைக்குத்தாங்க மொத மொதல்ல மிதிக்கிறேன்.”