பதினோரு நிமிட மின்கலமும் கருமத்தம்பட்டிப் படையெடுப்பும்

வாழ்க அன்புக்கரசி! கொடுமுடி வாய்க்கால் ஓரத்தில் பிறர் வயலுக்கெல்லாம் மடை திறந்துவிட்ட அங்கப்பனின் தவப்புதல்வி, நாற்பது பேருக்கு ஒரே கணிப்பொறி வாய்த்த வகுப்பில் அதன் முன்னிருந்த ஒற்றை முக்காலியை மும்முறை போரிட்டுப் பிடித்த முக்காலிகொண்டாள், காந்திபுரத்து அலுவலகத்தின் முப்பத்திரண்டு படிகளையும் மூச்சிரைக்காமல் ஏறும் மென்பொருள் மறத்தி, வாழ்க! அவள் இடத்தோளில் தொங்கிய கறுப்புப் பை வாழ்க! அப்பையினுள்ளே, மூன்றே முக்கால் கிலோ எடையோடு குழந்தைபோல் உறங்கிய மடிக்கணினியும் வாழ்க! அக்கணினியின் அடிவயிற்றில் ஒளிந்திருந்த மின்கலத்தை மட்டும் வாழ்த்துவதற்கில்லை. அதற்கான காரணங்கள் பின்வருமாறு.

விசைத்தறித் துணியின் கட்டங்களையும் கோடுகளையும் நெய்வதற்கு முன்பே திரையில் வண்ணம் வண்ணமாய் வரைந்து காட்டும் மென்பொருளொன்றை அவள் முதலாளி வின்ஸ்டன் உருவாக்கி வைத்திருந்தார். அதைக் கருமத்தம்பட்டியில் இருபத்து நான்கு தறிகளுக்கு அதிபதியாகிய திருமூர்த்தியிடம் விற்றுவர அன்புக்கரசியை அனுப்பினார். அதுவரை சாயமேறாக் காடாத் துணியன்றி வேறறியாத திருமூர்த்தி, கட்டம் போட்ட துண்டு நெய்ய ஆசைப்படுகிறார் என்ற செய்தி ஒற்றர் வழியே கிட்டியிருந்தது. ஒற்றர் என்பது அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடைக்காரர்.

“இங்க பாரு அன்பு,” என்று முழங்கினார் வின்ஸ்டன். “மாசக் கடைசிக்குள்ள அவரு கையெழுத்து வந்தாகோணும். இல்லீன்னா அந்த லேப்டாப்பும் அவிநாசி ரோட்டு லைனும் ரூபனுக்குத்தான். உனக்கு ஆபீசுல டைப்பிங் வேல இருக்குது.”

பக்கத்து மேசையில் வீற்றிருந்த ரூபன், “அக்கா, பையோட வார இப்பவே என் ஒசரத்துக்கு நீட்டி வெச்சுருங்க. அப்புறம் உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்று அம்பெய்தான். அவள் வாரைத் தன் தோளுக்கு இன்னும் இறுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

இனி அந்த மின்கலத் துரோகியின் வரலாறு. பெட்டியோடு வந்த கையேட்டில் இரண்டு மணி நேரம் உயிர்வாழ்வதாகச் சத்தியம் செய்திருந்த மின்கலம், இரண்டாம் பிறந்தநாள் கடந்ததும் தொண்ணூறு நிமிடமாகி, நாற்பதாகி, இருபதாகி, ஈற்றில் பதினொன்றாய்க் குறுகிற்று. அந்தப் பதினொன்றிலும் கணினி கண்விழித்து எழுவதற்கே இரண்டு நிமிடம் கப்பமாய்ப் போயிற்று. பன்னிரண்டாம் நிமிடத்தில் போர்முரசுமின்றி, சங்கொலியுமின்றி, ஒரு சிறு எச்சரிக்கைகூட இன்றித் திரை இருண்டுவிடும்.

மின்கம்பியில் செருகி ஓட்டலாமே என்பார் கருமத்தம்பட்டியை அறியாதார். திருமூர்த்தியின் குடோன் என்னும் தறிக்கூடத்தில் தறிகள் ஓடும்வரை எதிரே நிற்பவர் வாயசைப்பதன்றி வேறொன்றும் விளங்காது. நாள்தோறும் மதியம் ஒன்றரைக்கு மின்சாரம் விடைபெற்றுச் சென்று நாலரைக்குத் திரும்பும்வரை, தறிகள் அடங்கி அவர் செவிகள் திறந்திருக்கும் அவ்விடைவேளையே வணிகர்க்கெல்லாம் கோட்டை வாசல். மின்சாரம் இருக்கையில் கேட்கச் செவியில்லை. செவி கிடைக்கையில் மின்சாரமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, பதினோரு நிமிடமே ஆயுளுடைய ஆயுதத்தை ஏந்தி நின்றாள் அங்கப்பன் மகள்.

1997ஆம் ஆண்டு, ஆவணித் திங்கள் நான்காம் நாள், புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு முதற்போர் மூண்டது. அதில் நம் தலைவி இழைத்த பிழை ஒன்றே ஒன்று. நாற்காலியில் அமர்ந்தவுடன் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டாள். கொங்கு நாட்டில் வந்தவர் காரியம் பேசுமுன் விசாரிப்பு என்னும் ஏழடுக்கு அகழியைக் கடக்க வேண்டுமென்பது அவள் அறியாததன்று. ஆனால் அவசரம் அவள் கையை முந்திற்று.

“ஏனுங்க அம்மணி, இத்தன வெயில்ல வந்திருக்கறீங்க. மொதல்ல எளநியக் குடிங்க,” என்றார் திருமூர்த்தி. இரண்டு நிமிடம் வீழ்ந்தது.

“எந்த ஊருங்க உங்களுக்கு?”

“கொடுமுடிப் பக்கமுங்க.”

“கொடுமுடில எங்கீங்க?”

“ஊருக்குத் தெக்கால, வாய்க்கா ஓரமுங்க.”

“வாய்க்கா ஓரத்துல யாரு ஊடுங்க?”

ஏணிப்படிபோல் ஒன்றன்பின் ஒன்றாய் இறங்கும் இவ்வினாக்கள் எந்தத் தரையைத் தேடுகின்றன என்பது கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவளுக்கும் தெரியும். அதனால் அவள் இளநீரைச் சொட்டுச் சொட்டாய் அருந்திக் காலம் கடத்தினாள். மின்கலத்துக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது. அது பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தது. உள்ளிருந்து முறுக்குத் தட்டோடு வந்த திருமூர்த்தியின் மனைவி ஜெயக்கொடி, “கண்ணாலம் ஆயிருச்சா கண்ணு?” என்று வினவி மேலும் ஒரு நிமிடத்தைக் கவர்ந்தார். அன்புக்கரசி பதறித் திரையைத் திருப்பி முதல் மஞ்சள் கோட்டை இழுத்தாள். கோடு பாதி வழி சென்றது. இருள் சூழ்ந்தது.

திருமூர்த்தி, விருந்தினரின் ஆடை கிழிந்ததைக் கண்டவர்போல் நாகரிகமாய் விட்டத்தைப் பார்த்தார். “அதுக்கென்னுங்க, இன்னொரு நாளைக்கு வாங்க,” என்றார்.

தோற்றுத் திரும்பிய மறத்தி மறுநாளே கோவை மாநகரில் புதிய மின்கலம் தேடி வேட்டை தொடங்கினாள். கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் உடைய முதற்கடையில், கழுத்துப்பட்டை அணிந்த ஒருவர், “இந்த மாடலுக்கு மெட்ராஸ்லயே ஸ்டாக் இல்லீங்க. சிங்கப்பூர்ல இருந்து வரோணும். ஆறு வாரம் ஆகுமுங்க,” என்று ஆகாயவாணிபோல் அருளினார். மாசக் கடைசிக்கோ பத்து நாள். இரண்டாம் கடைக்காரர் பெட்டி பிரிக்காத புத்தம்புது மின்கலத்தை எடுத்து ஊதித் தூசு தட்டித் தந்தார். தூசு தட்டும்போதே அவள் ஐயுற்றிருக்க வேண்டும். விற்காமல் மூன்றாண்டு அலமாரியில் தவமிருந்து தன்னுயிரைத் தானே தின்றுவிட்ட அந்தப் புத்தம்புதியது, பழையதையும் வெட்கமுறச் செய்யும் வண்ணம் நான்கே நிமிடத்தில் வீரமரணம் எய்தியது. அதைத் திருப்பிக் கொடுத்து வாங்கிய காசை மீட்க நடந்த வாய்ப்போர் தனியொரு காண்டம். இங்கே இடமில்லை.

மூன்றாவதாக, டவுன்ஹாலுக்குப் பின்புறச் சந்தொன்றில் கண்ணையா என்பவரின் மரத்தட்டிக் கடையை அடைந்தாள். கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்போர் தூக்கித் திரியும் விளக்குகளின் மின்கலங்களுக்கு உயிர்ப்பிச்சை அளிப்பது அவர் தொழில். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கியபடியால் அவரைச் சுற்றி மின்கலப் பிணங்கள் குன்றெனக் குவிந்து கிடந்தன.

“முகூர்த்தம் முடியட்டுமுங்க அம்மணி. அதுவரைக்கும் மூச்சு உட நேரமில்லீங்க.”

“அதுக்குள்ள எனக்கு வேல போயிருமுங்க,” என்றாள் அன்புக்கரசி. அலங்காரம் ஏதுமில்லை. உண்மை அவ்வளவுதான்.

கண்ணையா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பையிலிருந்ததை வாங்கி, மெல்லிய தகட்டால் ஓரத்தை நெம்பி, நெஞ்சறுவை மருத்துவர்போல் மின்கலத்தின் மார்பைப் பிளந்தார். உள்ளே பத்துச் செல்கள் தோளோடு தோள் நின்றன. முள் ஆடும் மீட்டரால் ஒவ்வொன்றின் நாடியும் பார்த்தார்.

“மூணு செத்துப்போச்சுங்க.”

“அப்ப அந்த மூணு மட்டும் மாத்துங்க.”

“அப்பிடிச் செஞ்சா நாளைக்கே ஓடுமுங்க. அடுத்த வாரம் அந்தக் கெழட்டு ஏழும் சேந்து புதுசு மூணையும் கொன்னுபோடும். மாத்துனா பத்தையும் மாத்தோணும். இல்லீன்னா என்னையத் தொடச் சொல்லாதீங்க. தாலி கட்டற நேரத்துல லைட்டு அணைஞ்சா யாரத் தேடி வருவாங்கன்னு நெனைக்கறீங்க? மாப்பிள்ளையையா? என்னையத்தானுங்க!”

இவ்வாறு பிரகடனம் செய்த அம்மாமேதை, முகூர்த்தத்துக்கென்று ஒதுக்கியிருந்த பத்துச் செல்களை ஈந்து, ஒரே சீராய்ப் பற்றவைத்து, கார் விளக்கொன்றை மாட்டி முழுவதும் வற்றவைத்து, மறுபடி நிரப்பி, மறுபடி வற்றவைத்து, இரண்டு நாள் தன் காவலிலேயே வைத்திருந்து, மூன்றாம் நாள் கையில் கொடுத்தார். “ஒரு மணி நாப்பத்தெட்டு நிமிசமுங்க. அதுக்கு மேல கேட்டா என்னைய வையாதீங்க.”

ஆவணி பதின்மூன்று, வெள்ளிக்கிழமை. இறுதிப் போர். இம்முறை தலைவி பையின் ஜிப் இழுவையைக்கூடத் தொட்டாளில்லை. இளநீரை முழுதும் பருகினாள். முறுக்கைக் கடித்தாள். போண்டாவை ஏற்றாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்து, எதிரி அம்பு தொடுக்குமுன் தானே மார்பைக் காட்டினாள்.

“போன வாட்டி யாரு ஊடுன்னு கேட்டீங்களேங்க. அங்கப்பன் மகளுங்க. அப்பா பண்ணையத்துக்கு ஆளாப் போனவருங்க. நான் கம்ப்யூட்டருக்குப் போறனுங்க.”

திருமூர்த்தி தோள் துண்டை எடுத்து உதறி மீண்டும் போட்டுக்கொண்டார். ஜெயக்கொடிதான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். “செரி கண்ணு, இன்னொரு போண்டா வெச்சுக்க.”

“செரி,” என்றார் திருமூர்த்தியும். “மெசினத் தொறங்க அம்மணி.”

அப்போது மணி இரண்டு பத்து. மஞ்சள் எழுந்தது, சிவப்பு குறுக்கே பாய்ந்தது, கரும்பச்சை கரை கட்டிற்று. நெய்யாத துண்டுகள் திரையில் பூத்துப் பூத்து மறைந்தன. திருமூர்த்தி பக்கத்துக் குடோன்காரர் இருவரை அழைத்தார். அவர்கள் சிவப்பை நீலமாக்கச் சொன்னார்கள். நீலத்தை மீண்டும் சிவப்பாக்கச் சொன்னார்கள். “தேங்கா நார் நெறம் வருமா கண்ணு?” என்று ஜெயக்கொடி கேட்க, அதுவும் வந்தது. மணி மூன்றடித்தது. மின்கலம் மலையென நின்றது. மூன்றரையிலும் நின்றது. அதற்குள் எழுவராகிவிட்ட தறிக்காரர் சூழ நின்று கட்டளையிட, ஒற்றை விரலால் அத்தனை பேரையும் எதிர்கொண்டாள் முக்காலிகொண்டாள்.

“ஆர்டர எழுதிக்குங்க,” என்றார் திருமூர்த்தி. பேனாவின் மூடியைக் கழற்றினார். “இந்தக் கடைசி டிசைன மட்டும் பிளாப்பில ஏத்திக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கே நூலுக்குச் சாயம் சொல்லோணும். அது கைக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டர்றேன்.”

அவள் பிளாப்பித் தட்டைச் செருகினாள். கணினி கரகரத்தது. மணி மூன்று ஐம்பத்தெட்டு. கண்ணையா உரைத்த ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடத்தை ஒரு நொடியும் குறைக்காது கூட்டாது காத்த அந்தச் சத்தியவான், பாதி ஏறிய வடிவத்தோடு அங்கேயே கண்மூடினான்.

பேனா முனைக்கும் தாளுக்கும் இடையே ஓரங்குலம். அவ்வோரங்குலத்தில் அவிநாசிச் சாலை முழுதும் தொங்கிற்று. ரூபனின் தோளில் கறுப்புப் பை ஆடுவதை அவள் கண்ணெதிரே கண்டாள்.

“ஏ ஜெயக்கொடி, ஜெனரேட்டரப் போடச் சொல்லு!” என்று உள்நோக்கிக் குரல் கொடுத்தார் திருமூர்த்தி.

அன்புக்கரசி நிமிர்ந்தாள். “ஜெனரேட்டரு இருக்குதுங்களா?”

“சின்னதுங்க. தறிக்குப் பத்தாது. ஊட்டு லைட்டுக்கும் உங்க மெசினுக்கும் தாராளமாப் பத்தும். போன வாட்டியே போட்டிருப்பனுங்க. உங்க மெசினு படுத்துக்கிச்சு. அந்த நேரத்துல கரண்டு வேணுமான்னு கேட்டா உங்களக் கொறச்சு சொன்ன மாதிரி ஆயிருமேன்னு உட்டுப்போட்டேன். நீங்களும் ஒரு வார்த்த கேக்கலீங்க.”

கொல்லைப்புறத்தில் யானைப்படை பிளிறியெழுந்ததுபோல் டீசல் எந்திரம் முழங்கிற்று. மின்விசிறி சுழன்றது. ஒன்பது நாள் அலைச்சலும், சிங்கப்பூர்க் கப்பலும், அலமாரித் தவசியும், முகூர்த்தத்திலிருந்து பிரிந்து வந்த பத்துச் செல்களும் அவள் உள்ளத்தில் ஒருசேர எழுந்து, ஊழிக்காலத்துப் பெருங்கடலெனப் பொங்கித் தொண்டைவரை வந்து நின்றன.

“பிளக் பாயின்ட் எங்கீங்க இருக்குது?” என்று கேட்டாள்.