மாடியைக் காலி செய்கிறவர்

பாதியில் காலி செய்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. பதினோரு மாத வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாலாவது மாதமே பெட்டி கட்டுவார். அதுவரை சும்மா இருப்பாரா? குழாயில் தண்ணீர் சன்னமாக வருகிறது, சரி செய்தால் வேகமாக வந்து சட்டையில் தெறிக்கிறது, படுக்கையறைக் கதவு முனகுகிறது, எண்ணெய் விட்டால் சத்தமில்லாமல் திறந்து பயமுறுத்துகிறது என்று தினமும் படியிறங்கி வந்து வீட்டுக்காரனுக்குக் காலைச் செய்தி வாசிப்பார். அந்த வீட்டுக்காரன் அடியேன்.

என் மாடிக்காரர் கிளம்பக் காரணம் நியாயமானதுதான். மனைவிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, அந்த அம்மா மகளோடு முன்னால் போய்விட்டார். பள்ளி திறப்பதற்குள் இவரும் போய்ச் சேர வேண்டும்.

"உங்களுக்குப் பதிலா ஒரு ஆளைப் பிடிச்சு விட்டுட்டு, தாராளமா போங்க சார்" என்றேன். பெருந்தன்மையாம். என் புத்தியை எதால் அடிப்பது?

வீட்டைத் தள்ளிவிடத் தெரிந்தவன் சன்னலைத் திறந்து வாயை மூடிக்கொள்வான். இவர் சன்னலை மூடிவிட்டு வாயைத் திறந்தார். புதுமணத் தம்பதிக்கு எதிர்வீட்டு நாய் குரைக்கும் நேரங்களை ஒப்பித்தார். ஓய்வுபெற்ற தபால்காரரைக் குளியலறைக்கு அழைத்துப் போய், எந்த இடத்தில் வழுக்கும் என்று தானே வழுக்கிக் காட்டினார். தபால்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, தெருமுனையில்தான் மாட்டினார்.

மாடியில் சிக்னல் கிடைப்பதில்லை என்று எனக்கு நிரூபிக்க, மனைவியிடம் என் வாசலில் நின்று ஸ்பீக்கரில் பேசினார்.

"ஆள் கிடைச்சாச்சா?"

"வர்றவங்க எல்லாம் நான் சொன்னதும் ஓடிடறாங்கம்மா."

"நீங்க ஏன் சொல்றீங்க?"

"நாலு மாசம் அனுபவிச்சிருக்கேன். சும்மா விட முடியுமா?"

"அப்ப அங்கயே இருந்து அனுபவிங்க. நாங்க ரெண்டு பேரும் இங்க நிம்மதியாத்தான் இருக்கோம்."

மனிதர் அன்று முழுவதும் புகார் சொல்லவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் ஒரு கல்லூரி நூலகர் வந்தார். மாடிக்காரர் பழக்கதோஷத்தில் குழாயிலிருந்து ஆரம்பித்தார்.

"குழாய் கெடக்கட்டும் சார்" என்றார் நூலகர். "இந்தச் சுவரைத் தட்டிப் பாத்தீங்களா? உள்ள ஒண்ணுமே இல்ல."

மாடிக்காரர் தட்டினார். முகம் மலர்ந்தது. இரண்டு மணி நேரம் இருவரும் என் வீட்டை அங்குலம் அங்குலமாகத் திட்டித் தீர்த்துவிட்டு, தோளில் கைபோட்டபடி இறங்கி வந்தார்கள்.

"தங்கமான மனுஷன். இவருக்கே குடுத்துடுங்க சார்."

சனிக்கிழமை லாரி கிளம்பியது. நூலகர் கையெழுத்துப் போடுமுன், என் பேனா கசிகிறது என்றார்.

நீங்கள் இந்த இனமில்லை, தெரியும். வருகிற விருந்தாளியிடம் உங்கள் மின்விசிறியின் சத்தத்தைப் பற்றி அரைமணி நேரம் மட்டும்தான் பேசுவீர்கள். என்றாவது வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் சொல்லி அனுப்புங்கள், பார்க்க வருகிறவர்களுக்கு நான் சுற்றிக் காட்டுகிறேன். அந்த நேரத்தில் நீங்கள் கடைக்குப் போய்விடுங்கள்.