பெல்வேனிய ராஜாவின் பிறந்தநாள் விருந்து

ஜோகூரில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் மேனேஜர் மில்னர் துரை, பெல்வேனியா என்ற சின்ன ஐரோப்பிய ராஜ்யத்துக்குக் கௌரவ கான்சலாகவும், அதாவது சம்பளமில்லாத தூதராகவும் இருந்தார். அவர் ஸ்காட்லாந்துக்காரர். பெல்வேனியாவைக் கண்ணால் பார்த்தது கிடையாது. அதனாலேயே அந்த நாட்டின்மேல் அவருக்கு அளவு கடந்த மரியாதை. வருஷந்தோறும் அந்நாட்டு ராஜாவின் பிறந்தநாளைத் தேசிய தினமாகக் கொண்டாடி, பங்களாவில் விருந்து வைப்பார்.

அந்த வருஷம் அதே நாளில் சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம். அக்கம்பக்கத்துத் துரைமார் ஒருவர்கூட வரவில்லை. கனவான்கள் இல்லாமல் விருந்து நடந்தால் ராஜ்யத்தின் கௌரவம் என்னாவது? ஆகவே ஆபீசில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது: ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி செல்லப்பனும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தங்கராஜுவும் இன்று விருந்து முடியும்வரை கனவான்களாகக் கருதப்படுவார்கள். கோட்டும் காலுறையும் அணிந்து வரவேண்டும்.

அதுவரை பின்வாசல் வழியாகவே பங்களாவுக்குப் போய்வந்த செல்லப்பன், அன்று முன்படி ஏறினார்.

"அண்ணே, கழுத்துப்பட்டி மூச்ச அடைக்குது" என்று முணுமுணுத்தான் தங்கராஜு.

"அடைக்கட்டும்லா. தாராளமா மூச்சு விடுற கனவான நீ பாத்திருக்கியா?"

துரை கிளாசைத் தூக்கி, "மாட்சிமை தங்கிய மன்னர் நீடூழி வாழ்க" என்ற நேரத்தில், கசங்கிய சட்டையும் தகரப்பெட்டியுமாக ஒரு வெள்ளைக்காரர் வாசலில் வந்து நின்றார். ஊர் ஊராகத் தையல் மெஷின் விற்பவர்.

"நான் பெல்வேனியாக்காரன். ஊருக்குப் போக பாஸ்போர்ட்டில் முத்திரை வேண்டும்" என்றார்.

ஜோகூரில் பெல்வேனியர் ஒருவர் தென்பட்டது அதுவே முதல் தடவை. துரைக்கு எரிச்சலாக இருந்தது.

"நாளை வாருங்கள். இன்று உங்கள் மன்னரின் பிறந்தநாள்."

"மன்னரா? உலக யுத்தம் முடிந்ததுமே அவரை அனுப்பிவிட்டோமே. இப்போது நாங்கள் குடியரசு. அவர் சுவிட்சர்லாந்தில் கோழி வளர்க்கிறார்."

துரை பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "இதிலுள்ள சின்னம் என் முத்திரையில் இல்லை. ஆகவே இப்படி ஒரு நாடு இல்லை."

"நான் அங்கேதானே பிறந்தேன்?"

"அது உங்கள் சொந்த அபிப்பிராயம்."

மன்னரைக் கோழியோடு சேர்த்துப் பேசியது ராஜநிந்தனை என்று தீர்மானமாயிற்று. மெஷின் விற்பவரை வெளியேற்றும் பொறுப்பு, கனவான் என்ற முறையில் செல்லப்பனிடம் ஒப்படைக்கப்பட்டது. செல்லப்பன் ஆயுளில் ஒரு வெள்ளைக்காரரை அதட்டியதில்லை. மறுத்தாலோ மறுபடியும் பின்வாசல்தான். அந்த வெள்ளைக்காரரின் முழங்கையைத் தொட்டு, மெதுவாகப் படிக்கட்டுக்கு அழைத்து வந்தார்.

அந்த மனிதர் படியில் உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் சரளமாக வந்தது கடைத்தெரு மலாய்தான்.

"முத்திரை இல்லாட்டி கப்பல்ல ஏத்த மாட்டாங்க. அம்மாவப் பாத்து எட்டு வருஷமாச்சு" என்றார்.

செல்லப்பனுக்கு என்னவோ போலிருந்தது. மனைவி காளியம்மாவுக்கென்று கோட்டுப்பையில் ஒளித்து வைத்திருந்த விருந்துக் கேக்கை எடுத்துக் கொடுத்தார். பெல்வேனியர் அதைத் தின்றுகொண்டே கேட்டார்:

"உங்க நாட்டுத் தேசிய தினம் எப்போ?"

செல்லப்பன் யோசித்தார். சுல்தான் பிறந்தநாளுக்கு லீவு உண்டு. இங்கிலீஷ் ராஜா பிறந்தநாளுக்கு மிட்டாய் உண்டு. இன்றைக்குக் கோழி ராஜாவுக்குக் காலுறை. இவற்றில் தன்னுடையது எது என்று பிடிபடவில்லை.

"கொஞ்சம் இருங்க. துரையக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று உள்ளே போனார்.

உள்ளே கிராமபோனில் பெல்வேனிய ராஜகீதம் ஓடிக்கொண்டிருக்க, துரையும் தங்கராஜுவும் எழுந்து நின்றிருந்தார்கள். கேட்க வந்ததை அப்படியே விட்டுவிட்டு, செல்லப்பன் தங்கராஜுவின் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றார்.