உஷ்ஷண்ணன் வேனில் ஒரு பாட்டு

பாட்டுப் பெட்டியைப் போட்டுப் பாட்டுக் கேட்பவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். பெட்டியைப் போட்டுவிட்டு, பாட்டைப் போடாமல், அது சும்மா இருப்பதை மணிக்கணக்கில் காது கொடுத்துக் கேட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். கொல்லிமலையில் அவரை உஷ்ஷண்ணன் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும். அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எடப்புளி நாடு என்கிற மலையூரில் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய பட்டறை. இன்ஜினில் கை வைக்க மாட்டார். பஞ்சர் ஒட்ட மாட்டார். ஹெட்லைட் எரியவில்லை என்று யாராவது போனால், "அதுக்கெல்லாம் வேற ஆளுங்க இருக்காங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். காரில் பாட்டுக் கேட்கும்போது ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஓர் இரைச்சல் கூடவே வருமே, அதை எடுப்பது ஒன்றுதான் அவருடைய தொழில். மிளகும் மரவள்ளியும் விளைகிற மலையில் இதை நம்பி ஒரு மனிதர் எப்படிச் சாப்பிட்டார் என்றால், சாப்பாடு அலமேலக்காவின் டீக்கடையிலிருந்து வந்தது. அக்கா அவருடைய மனைவி. கொட்டகையின் முன்பாதி டீக்கடை, பின்பாதி பட்டறை.

செம்மேட்டில் ஓர் ஆபீஸுக்கு மாற்றலாகிப் போன புதிதில் நான் பழைய கார் ஒன்று வாங்கினேன். அதில் என்ன பாட்டுப் போட்டாலும் ஒரு கொசுவும் சேர்ந்து பாடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கொசு உச்சஸ்தாயிக்குப் போகும், காலை எடுத்தால் இறங்கிவிடும். எல்லோரும் உஷ்ஷண்ணனிடம் போகச் சொன்னார்கள். நானும் என் மனைவியும் போனோம். ஒல்லியான மனிதர். காது மட்டும் தாராளமாக இருந்தது. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"பாட்டை நிறுத்துங்க சாமி."

"அண்ணா, எறைச்சலே பாட்டுலதான் வருது."

"பாட்டு அதை மூடி மறைக்குதுங்க. பெட்டி ஓடட்டும், பாட்டு வேண்டாம். மலையேத்துங்க."

ஏற்றினேன். பின் சீட்டிலிருந்து என் மனைவி, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்..." என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உஷ்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லத் துணியாத சொல் அது. என் மனைவி வாயை மூடிக்கொண்டாள். அந்த நிமிடமே அவர்மேல் எனக்கு அபாரமான மரியாதை வந்துவிட்டது.

நாலைந்து வளைவு போனதும் நிறுத்தச் சொன்னார். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கறுப்பு ஒயரைப் பிடித்து இழுத்தார். "எர்த்து ஒயரைக் கொண்டுபோயி பெயிண்டு மேல வெச்சு முறுக்கியிருக்கான். பெயிண்டு கரண்டை உடுமா?" என்று கேட்டுவிட்டு, கத்தியை எடுத்துத் தகரம் பளபளக்கிற வரை பெயிண்டைச் சுரண்டினார். நான் ஆசை ஆசையாகத் துடைத்து வைத்திருந்த கார். ஒயரை அங்கே வைத்து முறுக்கியதும் கொசு செத்துப்போனது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இப்பப் பாட்டுப் போடட்டுங்களாண்ணா?" என்றேன். "அது உங்க இஷ்டமுங்க" என்று இறங்கிப் போய்விட்டார். பாட்டு என்பது அவரைப் பொறுத்தவரை இரைச்சல் இல்லாத இடத்தை அடைக்க வந்த வேறொரு சத்தம்.

ஒருமுறை டூரிஸ்டு ஒருவர் புத்தம்புதிய பெரிய காரில் வந்தார். எங்கெங்கோ காட்டியும் இரைச்சல் போகவில்லையாம். உஷ்ஷண்ணன் உள்ளே தலையை விட்டார். போன் சார்ஜர் ஒன்று செருகியிருந்தது. அதைப் பிடுங்கி எதிரே இருந்த மிளகுக் கொடிகளுக்குள் வீசினார்.

"போயிருச்சுங்க."

"என்னோட சார்ஜர்?"

"அதுவும் போயிருச்சுங்க."

இன்னொரு சமயம் சோளக்காடு என்கிற ஊருக்குப் போகிற மாப்பிள்ளைக் கார் ஒன்று டீக்கடையில் நின்றது. உள்ளே நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. இவரை யாரும் கூப்பிடவில்லை. தானாக எழுந்து வந்து கதவைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் பாட்டுப் பெட்டி ஒயரும் வாலுமாகக் கழன்று மாப்பிள்ளையின் மடியில் கிடந்தது. மாப்பிள்ளையின் அப்பா, "ஏனுங்க, முகூர்த்தம் போயிருமுங்க" என்று கெஞ்சினார்.

"இந்த எறைச்சலோட போயித் தாலி கட்டுனா ஆயுசுக்கும் காதுல கேட்டுக்கிட்டே இருக்குமுங்க. மாப்பிள்ளை, இந்த டார்ச்சைக் கொஞ்சம் புடிங்க சாமி."

மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை டார்ச் பிடித்தார். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் கேள்வி. கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் பட்டு வேட்டியில் கறுப்பு மசி இருந்ததாம்.

இதுவரை சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்லப் போவதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

உஷ்ஷண்ணனிடம் ஒரு பழைய வெள்ளை வேன் இருந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். ஊரார் வண்டியை ஒரு காலைப்பொழுதில் சரி செய்கிறவருக்குச் சொந்த வண்டி மட்டும் வருஷக்கணக்காகச் சரிப்படவில்லை. எங்கள் காதில் ஒன்றுமே விழாது. அவர் காதில் விழும்.

அலமேலக்காவுக்குப் பிறந்த ஊர் மலையடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி. பாட்டு என்றால் உயிர். டீ ஆற்றும்போதும் பாத்திரம் கழுவும்போதும் வாய் பாடிக்கொண்டே இருக்கும். பின்பாதியிலிருந்து 'உஷ்' என்று வரும். அக்கா மெதுவாகப் பாடுவார், நிறுத்த மாட்டார். அக்காவுக்கு வாழ்க்கையில் ஓர் ஆசை இருந்தது. என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். "பஸ்ஸுலயே போயிப் போயி அலுத்துப்போச்சுங்க சார். சொந்த வேன்ல, நல்ல பாட்டாப் போட்டுக் கேட்டுக்கிட்டே மலையெறங்கோணும். எங்கண்ணன் ஊட்டு வாசல்ல வண்டி பாடிக்கிட்டே போயி நிக்கோணும். எங்கண்ணன் பொண்டாட்டி எட்டிப் பாக்கோணும்."

பண்டிகையை அங்கே நோம்பி என்பார்கள். ஆடி நோம்பி வரும், தை நோம்பி வரும். ஒவ்வொரு நோம்பிக்கும் அக்கா பட்டுப்புடவை கட்டி, பையில் மிளகும் பலாச்சுளையும் எடுத்துக்கொண்டு வேனில் ஏறுவார். வேன் கிளம்பும். முதல் வளைவில் நிற்கும்.

"கேட்டியா அம்மிணி?"

"எதையுங்க?"

"சன்னமா ங்ங்ங்னு ஒண்ணு."

"இல்லீங்க. பாட்டுப் போடுங்க, போலாம்."

"இதை வெச்சுக்கிட்டா உங்கண்ணன் ஊட்டு வாசல்ல போயி நிக்கிறது? எறைச்சல் போவட்டும். அடுத்த நோம்பிக்குப் போலாம்."

அந்த மாதிரி வேனில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்க வேண்டுமென்றால் அக்கா இறங்கியாக வேண்டும். இறங்குவார். பின்னால் வருகிற பஸ்ஸில் பட்டுப்புடவையோடு ஏறிப் போய்விடுவார். பஸ்காரர்கள் நோம்பி நாளில் அந்த வளைவில் தாமாகவே நிறுத்துகிற அளவுக்கு இது பழகிப்போயிருந்தது. நாங்களெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு அக்கா கேட்பதை நிறுத்தினார். டீ ஆற்றும்போது பாடுவதும் நின்றது. நாம் பேசினால் நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். புன்சிரிப்போடு தலையாட்டுவார். கடையில் எப்போதும் நாலு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உஷ்ஷண்ணனுக்கு மட்டும் தெரிந்தது. அவருக்கு ஒரே பெருமை.

"பாத்தீங்களா சார், இப்பத்தான் இவளுக்குப் பக்குவம் வந்திருக்குது. ஒரு சத்தம் இல்ல. பாட்டுப் பைத்தியமும் தெளிஞ்சுபோச்சு."

ஒரு காலையில் நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உஷ்ஷண்ணன் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். "போயிருச்சுங்க" என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து, ஆபீஸ் போவதை விட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றப் போனேன். "எறைச்சலுங்க" என்றார். வேனில் இருந்த பழைய ஒயரையெல்லாம் அறுத்தெறிந்துவிட்டு, பேட்டரியிலிருந்தே தனி ஒயர் இழுத்து, ஸ்பீக்கர் ஒயரை எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோயிருக்கிறார். சுத்தமாகப் போய்விட்டதாம். "அம்மிணியைக் கூட்டிக்கிட்டு முள்ளுக்குறிச்சி போறமுங்க. நீங்களும் வாங்க. ஒரு சாட்சி வேணுமில்ல."

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறினேன். அக்கா முன்னால் இருந்தார், பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. உஷ்ஷண்ணன் பென் டிரைவைச் செருகினார். அக்கா அந்தக் காலத்தில் டீ ஆற்றிக்கொண்டே பாடிய பாட்டையெல்லாம் ஞாபகம் வைத்து, யாரையோ பிடித்து ஏற்றி வாங்கியிருந்தார். அத்தனை பாட்டையும் அவர் ஞாபகத்தில் வைத்திருந்தார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

பாட்டு ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமாக ஒரு பாட்டை நான் எந்த வண்டியிலும் கேட்டதில்லை. பாடுகிற அம்மாள் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. ஒரு வளைவு, இரண்டு வளைவு. உஷ்ஷண்ணன் ரோட்டைப் பாதியும் மனைவியைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அக்கா ஜன்னல் பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வந்தார். பல்லவி முடிந்து சரணம் வந்தது.

"எப்படி இருக்குது அம்மிணி?"

அக்கா திரும்பவில்லை. உஷ்ஷண்ணன் தோளைத் தொட்டார். திரும்பி அவர் வாயைப் பார்த்தார் அக்கா.

"ஏனுங்க, பாட்டுப் போடலீங்களா?"

உஷ்ஷண்ணன் சிரித்தார். வருஷக்கணக்காக இழுத்தடித்ததற்குப் பழி வாங்குகிறாள் என்று நினைத்திருப்பார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவருடைய கையைத் தட்டிக்கொடுத்து, "பரவால்லீங்க. எறைச்சல் போனப்புறம் போட்டுக்கலாம்" என்றார்.

வேன் நின்றது. உஷ்ஷண்ணன் சத்தத்தைக் கூட்டினார், கூட்டினார், கடைசி வரைக்கும் கூட்டினார். தடுப்புச் சுவரில் இருந்த குரங்குகள் எழுந்து ஓடின. அக்கா தன் பக்கத்துக் கதவில் இருந்த ஸ்பீக்கரில் கையை வைத்துப் பார்த்தார். "ஆடுதுங்களே. ஓடுதுங்களா பாட்டு?" என்றார். உஷ்ஷண்ணன் பாட்டை நிறுத்தினார்.

"எத்தனை நாளா அம்மிணி?"

அக்கா அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "ஆச்சுங்க ரொம்ப நாளு. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. சொல்லலாம்னு வருவனுங்க. நீங்க வண்டியில உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு போயிருவேன்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

சேலத்தில் காது டாக்டரிடம் நானும் கூடப் போனேன். முன்னாடியே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் மிச்சம் இருந்ததைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். காதில் வைக்க ஒரு மிஷின் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் கொஞ்சம் கேட்கும். வேனில் ஏறினால் பாட்டும் இன்ஜினும் காற்றும் கலந்து மண்டைக்குள் கொர்ரென்று இரைகிறது என்றார் அக்கா. உஷ்ஷண்ணன் அந்த மிஷினை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்தார், திரும்பப் பையில் வைத்துவிட்டார்.

"நாலு வளைவுக்கு அந்தாண்ட வர்ற ஜீப்புல எந்த ஒயரு லூசுன்னு சொல்லுவனுங்க சார். ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு, இவ பாட்டு எதனால நின்னு போச்சுன்னு எனக்குத் தெரியல பாருங்க. பக்குவம் வந்திருச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன்."

சொல்லிவிட்டு மிஷினைத் துணிப்பையில் போட்டு அக்கா மடியில் வைத்தார்.

எனக்குச் சமவெளிக்கு மாற்றல் வந்தது. காரையும் விற்றுவிட்டேன். போன மாதம் ஒரு வேலையாக மலைக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பஸ் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் முன்னால் வெள்ளை வேன், பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வேனே அதிர்கிற மாதிரி பாட்டு. அலமேலக்கா ஸ்பீக்கர்மேல் ஒரு கையை வைத்துத் தாளத்தைப் பிடித்தபடி, கணவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். உஷ்ஷண்ணன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அக்கா பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, பாட்டின் வார்த்தைகளை ஒவ்வொன்றாக, வாயை அகலத் திறந்து, கையை ஆட்டி, தானும் கூடவே பாடிக்கொண்டிருந்தார். குரல் கர்ணகடூரம். பாட்டு எங்கேயோ போனது, அவர் எங்கேயோ போனார். அக்காவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

"வாராவாரம் இப்படித்தானுங்க," என்றார் கண்டக்டர். "ஓட்டிக்கிட்டே திரும்ப முடியாதில்லீங்க. அதனால பாட்டுக்குப் பாட்டு வண்டியை நிறுத்திருவாரு. முள்ளுக்குறிச்சி போயிச் சேர மத்தியானம் ஆயிரும்."

டிரைவர் ஹாரனில் கையை வைத்தார். அடிக்கவில்லை. கையை எடுத்துவிட்டு ஒரு பீடியைப் பற்ற வைத்தார்.

கீழே சேலம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் எனக்கு. அது போய்விடும் என்று தெரிந்தது. இருந்தாலும், ஓடுவது நீளமான பாட்டாக இருக்கட்டும் என்றே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.