பெப்ரவரி இருபத்தொன்பது

லிங்கநகர்,
திருகோணமலை.

அன்புள்ள தங்கச்சி இராசமலருக்கு,

அண்ணன் கனகசுந்தரம் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் பக்கம் குளிர் தொடங்கிவிட்டது என்று அறிந்தேன். காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். இதைத் தொலைபேசியில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், பிறகு விஷயம் ஒன்றும் சொல்ல ஏலாது. அதனால்தான் கடிதம்.

சென்ற ஆண்டு நீ, “இனப்படுகொலையில் செத்த சனத்துக்கு எங்கட ஊரில ஒரு அரச நாள் கூட இல்லையே, அண்ணா? எங்கட சுகிர்தனுக்கு எந்த நாளில விளக்கு வைக்கிறது?” என்று கேட்டாய். தம்பியைப் பிடித்துக்கொண்டு போன நாள் தெரியும், கொன்ற நாள் தெரியாது. முப்பது வருடம் தபாலதிபராக இருந்தவனுக்கு மனு எழுதுவதா கஷ்டம் என்று, ஒரு நினைவு நாள் கேட்டு நகரசபைக்கு எழுதிக் கொண்டுபோனேன். அங்கே மனுவை வாங்கிய பிள்ளை, இதற்குக் கையேட்டில் பிரிவு இல்லை, நினைவு தினத்தில் மரம் நடுவார்கள்தானே என்று சொல்லிச் சுற்றாடல் பிரிவில் போட்டுவிட்டது. இரண்டு மாதம் கழித்து மனுவுக்குப் பதிலாக ஆறு வேப்பங்கன்றுகள் வந்தன. கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்வது?

மறுபடி எழுத வேண்டும், இந்தமுறை ஆட்களோடு போகவேண்டும் என்று சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தேன். மூதூரிலிருந்து றுக்கியா என்று ஒரு அம்மா, பஸ் எடுத்து வந்திருந்தார். அவருடைய கணவரும் இரண்டு மச்சான்மாரும் ஒரே நாளில் கொல்லப்பட்டவர்கள். நான் மனுவை வாசித்து முடித்ததும் எழும்பி, “போஸ்ட்மாஸ்டர் ஐயா, தமிழ் மக்கள் எண்டு எழுதியிருக்கீங்க. செத்துப்போன எங்கட மையத்துகளும் இந்தத் தாளுக்குள்ள வருமா, இல்ல நாங்க வேற தாள் எழுதணுமா?” என்றார். கட்டைபறிச்சானிலிருந்து வந்த ஒருவர், “அது வேற கதை அம்மா” என்றார். “மையத்து எடுக்கக்குள்ள வேற கதையா இருக்கல்ல, தம்பி” என்றார் றுக்கியா. சத்தம் போடாமல்தான் சொன்னார். தங்கச்சி, எனக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. ஊரில் எல்லோருடைய கடிதத்துக்கும் முத்திரை குத்தினவன், இந்த அம்மாவை மறந்துபோனேன். அந்த இடத்திலேயே ‘தமிழ், முஸ்லிம் மக்கள்’ என்று திருத்தினேன். கட்டைபறிச்சான்காரர், “ஓம், அப்பிடியே இருக்கட்டும்” என்று தன் பேனையைத் தந்தார்.

பிறகு எந்த நாள் என்ற கேள்வி வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் ஆட்கள் செத்த நாளைச் சொன்னார்கள். கரும்பலகையில் பதினான்கு திகதிகள். ஒன்றையும் அழிக்க எனக்குக் கை வரவில்லை. கடைசியில் ‘சபை தீர்மானிக்கும் ஒரு நாள்’ என்று எழுதினோம். அங்கேதான் பிழை விட்டோம்.

சபைக் கூட்டத்துக்கு நானும் றுக்கியாவும் போனோம். ஓர் உறுப்பினர் ‘இனப்படுகொலை’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு ‘அசம்பாவிதம்’ என்று போடலாமே என்றார். நான் எழும்பி, “வாகனம் முட்டினால் அசம்பாவிதம், ஐயா. இது ஆக்கள் தேடி வந்து செய்தது” என்றேன். சொல்லை அப்படியே இருக்க விட்டுவிட்டார்கள், நாளைப் பிடித்துக்கொண்டார்கள். மார்ச்சில் விளையாட்டுப் போட்டி, ஏப்ரலில் புதுவருடம், பிறகு திருவிழா, பிறகு உல்லாசப் பயணிகள் வரும் காலம், டிசம்பரில் பரீட்சை. எதற்கும் இடைஞ்சல் இல்லாத நாளாகப் பெப்ரவரி இருபத்தொன்பதைத் தெரிந்தெடுத்து எல்லோரும் கை உயர்த்தினார்கள். நானும் கை தட்டினேன். சந்தோசத்தில் உனக்குப் போன் அடித்துச் சொன்னேன், நீயும் உடனே டிக்கெட் போட்டாய். இரண்டு படித்த ஆட்கள், ஒருவரும் கலண்டரைப் பார்க்கவில்லை! பார்த்தது றுக்கியாதான். “ஐயா, வாற வருசம் அந்த நாள் இல்லையே” என்று போன் எடுத்தார்.

ஆகவே, டிக்கெட்டை ரத்துச் செய்யவும். நாலு வருடத்துக்கு ஒரு தரம் அழச்சொன்னால் ஏலாது. எனக்கும் எழுபத்திரண்டு வயது. சனசமூக நிலையச் செயலாளர் பதவியை விட்டுவிட்டேன், இனி மனு எழுதமாட்டேன்.

மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கோணேசர் உங்களைப் பனியில் சறுக்கி விழாமல் காப்பாராக.

அண்ணன்,
கனகசுந்தரம்

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது சபையில் கூட்டக் குறிப்பு எழுதும் சோபனா என்ற பிள்ளை, தலைவர் ஒப்பமிட்ட தாளோடு வாசலில் வந்து நின்றது. அதில் ‘ஒவ்வொரு ஆண்டும் பெப்ரவரி மாதத்தின் கடைசி நாள்’ என்று இருக்கிறது. “பிள்ளை, அவை இருபத்தொன்பது எண்டல்லோ சொன்னவை?” என்றேன். “ஓம் ஐயா. நான்தான் இப்படி எழுதி வாசிச்சனான், ஒருத்தரும் மறுக்கேல்ல. எங்கட அம்மாவுக்கு எழுபத்தெட்டு. அண்ணாவுக்கு விளக்கு வைக்க நாலு வருசம் பொறுக்க அவவால ஏலாது” என்றது. மேலே எழுதிய ஒன்றையும் கணக்கில் எடுக்காதே. வா.