இந்த மாதம் மாமா உபயோகித்த ஒன்பது சாமான்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. மற்ற கடிதமென்றால் 'நான் நலம், நீங்கள் நலமா' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த சங்கதிக்குப் போய்விடலாம். இந்தக் கடிதத்தில் நான் நலம் என்பதுதான் சங்கதியே. நீங்கள் நம்பும்படி எழுத வேண்டியிருப்பதால் கொஞ்சம் நீளும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆளைத் திருத்த டாக்டர் வேண்டாம்.

நேற்று உங்கள் மனைவி போனில் ஒரே அழுகை. "அம்மா, அப்பா போயி மூணு மாசமாச்சும்மா. இந்த மாசம் அவர் ஒன்பது சாமானை உபயோகிச்சிருக்கார்னு கம்ப்யூட்டர் சொல்லுதும்மா!" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வந்து, என்னை ஒரு மனநல டாக்டரிடம் காட்டிவிட்டு, வீட்டைப் பூட்டி, கையோடு அழைத்துப் போகப்போவதாகவும் சொன்னாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் எங்கேயும் வரமாட்டேன், இது அவர் இருந்த வீடு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அவருடைய சாமான்களில் வேண்டாததை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நீங்கள்தான் கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டீர்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. அவள் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் சொன்னேன், அவள் தட்டினாள். "குடை. யாரும்மா உபயோகிக்கிறது?" "உங்கப்பாதான்." "இந்த மாசம் உபயோகமாச்சா?" "ஆச்சு." இதிலே என்ன தப்பு, சொல்லுங்கள். அந்தக் குடையை முப்பத்தெட்டு வருஷமாக உபயோகித்தவர் அவர். மூன்று மாதத்தில் என் வாய் மாறிவிடுமா? இந்த மாதம் அதை விரித்தது நான். அதுவும் உண்மை. இரண்டு உண்மையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பொய் குட்டி போடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நேற்று அவள் அழுகைக்கு நடுவே நீங்கள் போனை வாங்கிப் பொறுமையாகத்தான் விளக்கினீர்கள். "அத்தை, அது தப்பு பண்ணாது. ரெண்டு கண்டிஷனும் ஒரே வரிசையில பொருந்தினாத்தான் அது ஒண்ணுன்னு எண்ணும். மாமா உபயோகிக்கிறதுன்னும் இருக்கணும், இந்த மாசம் உபயோகமாச்சுன்னும் இருக்கணும்." புரிகிறது மாப்பிள்ளை. இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. உங்கள் மனைவிக்கு வரன் பார்த்தபோது நானும் மூன்று நிபந்தனை வைத்திருந்தேன். நல்ல வேலை, நல்ல குணம், தலை நிறைய முடி. மூன்றும் பொருந்துகிற வரிசை ஒன்றுகூட வரவில்லை. "ஒண்ணை எடுத்துடலாமாங்க?" என்று உங்கள் மாமாவைக் கேட்டேன். அவர் எதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்? பதில் வரவில்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். ஒன்றை எடுத்தேன். நீங்கள் வந்தீர்கள். எதை எடுத்தேன் என்பதைக் கண்ணாடி சொல்லும்.

இப்போது அந்த ஒன்பதுக்கு வருகிறேன். ஊரிலுள்ள குழாயெல்லாம் சரி செய்த மனுஷர் நம் சமையலறைக் குழாயை மட்டும் 'நாளைக்கு, நாளைக்கு' என்று சொட்ட விட்டுவிட்டுப் போய்விட்டார் அல்லவா, போன செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சொட்டுச் சத்தம் என்னை ஒரு வழி பண்ணிவிட்டது, நாமே பார்த்தால் என்ன என்று அவருடைய ஸ்பேனரை எடுத்தேன், நட்டு கண்ணுக்குத் தெரியவில்லை, என் கண்ணாடிக்கு ஒரு கால் ஒடிந்து கிடந்ததால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன், அதிலே நட்டு இரண்டாகத் தெரிந்தது, நான் பிடித்தது இல்லாத நட்டை, திருகியது எதிர்ப்பக்கம், குழாய் கழன்று கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரைக்குப் பாய்ந்தது. அடுப்பு நனையக் கூடாதே என்று அதன்மேல் அவர் குடையை விரித்து வைத்தேன், குழாய் வாயில் அவருடைய வேலைச் சட்டையைச் சுருட்டி அடைத்தேன், நான் நனைந்து காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டேன், தரை வழுக்கியது, அவருடைய ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டேன், ஒரு பூட்ஸில் என் இரண்டு காலும் போகும். மெயின் வால்வு இருப்பதோ குளியலறையில், உச்சியில். அவர் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினால் சுவிட்சில் தண்ணீர் பட்டு கரண்ட் போய்விட்டது. குளியலறை கும்மிருட்டு. அவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன். மாப்பிள்ளை, எண்ணிப் பாருங்கள், எட்டு ஆகிவிட்டது. எட்டும் ஒரே காலையில்.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டுத் தையல்காரர் சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு மேலே வந்தார். அவர் பார்த்தது முதுகுப்பக்கம். மழைக்கோட்டு, பூட்ஸ், ஏணி, டார்ச் வெளிச்சம். "வாங்கண்ணே! எத்தனை வருஷமா தலையால தண்ணி குடிச்சேன், இந்தக் குழாயைப் பாருங்கன்னு! இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். வாயில் டார்ச், நான் எப்படிப் பதில் சொல்வது? பதில் வராததே அவருக்குப் பெரிய அத்தாட்சியாகிவிட்டது. "கேட்டா வாயைத் திறக்கிறீங்களா பாருங்க! செத்தும் அதே குணம்..." என்றவருக்கு அந்தச் 'செத்தும்' வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. படியில் அவர் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, போய்ச் சேர்ந்த சத்தம்தான் கேட்டது. ஒற்றைச் செருப்பு இன்னும் மூன்றாம் படியில் கிடக்கிறது. எடுக்க வரமாட்டேன் என்கிறார். "அண்ணனை நேர்லயே பார்த்தேன்" என்று உங்கள் மனைவிக்குப் போன் செய்த புண்ணியவான் இவர்தான். உங்கள் அட்டவணையும் சாட்சியும் ஒரே வரிசையில் பொருந்திப்போனால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள், பாவம்.

வால்வை மூடிவிட்டேன். மறுநாள் கடையில் கேட்டு வாஷர் வாங்கி நானே மாற்றினேன். இப்போது ஒரு சொட்டு கிடையாது. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது. இவ்வளவு அமைதி வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாவது தலையணை. அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. அதைப் பற்றி மாப்பிள்ளைக்கு எழுத முடியாது. விட்டுவிடுங்கள்.

எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் உங்கள் கம்ப்யூட்டரில் மூன்றாவதாக ஒரு நிபந்தனை சேருங்கள். 'ஆள் இருக்கிறாரா?' எல்லா வரிசையிலும் 'இல்லை' என்று போட்டு மறுபடியும் எண்ணச் சொல்லுங்கள். பூஜ்யம் வரும். எனக்கு அந்தப் பூஜ்யம் தினமும் கண் விழித்ததும் வருகிறது, எந்த மிஷினும் இல்லாமல். அவர் இல்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் மாப்பிள்ளை? அதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு? அவர் சாமான்கள் இங்கேயே இருக்கட்டும். நானும் அவற்றோடு இருக்கிறேன். ஒவ்வொன்றும் எதற்கு என்று இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். பூட்டு கொண்டு வராதீர்கள், பசியோடு வாருங்கள். வரும்போது படியிலிருக்கும் செருப்பைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்களும் என் மகளும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முழு நினைவோடு,
உங்கள் அத்தை.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் கடிதத்தை அவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். தலைமுடி விஷயத்தை அடித்துவிடட்டுமா என்றும் கேட்டேன். பதில் இல்லை. இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டேன். அட்டவணையில் ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள். சாமான்: காது. யார் உபயோகிப்பது: அவர்தான். இந்த மாதம் உபயோகமாச்சா: ஆச்சு.